பூங்கா இணைப்புப் பாதைகள்: இனி நீளத்தைக் கூட்டுவதா, அறுந்த இடங்களைச் சேர்ப்பதா?

#1 கிழக்குக்கரை

சிங்கப்பூரில் சைக்கிள் பாதைகள் பற்றிய அறிவிப்புகளில் எல்லாம் ஒரே எண் முன்னால் வந்து நிற்கிறது: 2030ஆம் ஆண்டுக்குள் சுமார் 1,300 கிலோமீட்டர். 2020 மார்ச்சில் நிலப் போக்குவரத்து ஆணையம் இந்தத் திட்டத்தை விளக்கியபோது தீவெங்கும் இருந்த சைக்கிள் பாதைகளின் நீளம் ஏறத்தாழ 460 கிலோமீட்டர். பத்தாண்டுகளில் அதை ஏறக்குறைய மும்மடங்காக்க நூறு கோடி வெள்ளிக்கு மேல் செலவிடப்படும் என்றும் அப்போது சொல்லப்பட்டது. இலக்கில் எனக்குக் குறை இல்லை. ஆனால் பாதையின் நீளத்தைக் கூட்டுவதும் பாதைகளை ஒன்றோடொன்று சேர்ப்பதும் ஒரே வேலை அல்ல. இரண்டாவது வேலை கடினமானது, ஒரு மீட்டருக்கு ஆகும் செலவும் அதில் பல மடங்கு. அதனாலேயே அது எப்போதும் அடுத்த கட்டத்திற்குத் தள்ளப்படுகிறது என்பது என் வாதம்.

காலாங் ஆற்றை எடுத்துக்கொள்வோம். லோயர் பியர்ஸ் நீர்த்தேக்கத்திலிருந்து காலாங் படுகை வரை சுமார் 10 கிலோமீட்டர் ஓடும் இந்த ஆற்றின் இருபுறமும் 2 கிலோமீட்டருக்குள் சுமார் 8 லட்சம் பேர் வசிப்பதாக நகர மறுசீரமைப்பு ஆணையம் 2017இல் கூறியது. பூங்காக்களை ஒன்றோடொன்று சேர்க்கும், நடப்போரும் சைக்கிளோட்டிகளும் பகிரும் பூங்கா இணைப்புப் பாதைகளில் நாட்டின் முதலாவது அமைந்ததும் இந்த ஆற்றோரத்தில்தான். அப்படியிருந்தும், பீஷானிலிருந்து நகர மையத்திற்கு வரும் சைக்கிளோட்டி, தீவு விரைவுச்சாலை குறுக்கிடும் இடத்தில் இறங்கி, மேம்பாலத்தில் வண்டியை ஏற்றி இறக்க வேண்டிய நிலை பல ஆண்டுகள் நீடித்தது. அதைத் தாண்டினாலும் பெரிய சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் குறுக்கிட்டன. விரைவுச்சாலைக்கு அடியில் சுரங்கப்பாதையும் பெரிய சாலைகளைக் கடக்க சைக்கிள் பாலமும் வேண்டும் என்று நகர மறுசீரமைப்பு ஆணையமே பின்னர் திட்டமிட்டதன் பொருள் என்ன? அந்த ஆற்றோரத்தில் நீளத்திற்குப் பஞ்சமே இல்லை. பயணத்தைக் கெடுத்தவை சில நூறு மீட்டர்கள்தாம்.

உங்கள் வட்டாரங்களில் பாதை எங்கே அறுகிறது, அதற்கு என்ன காரணம் என்பதை அறிய விரும்புகிறேன்.

#2 வடிகாலோரம்

கட்டுமானத் துறையில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், இந்தப் பாதைகள் ஏன் அங்கங்கே அறுகின்றன என்பதற்கான காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்; காரணம் தெரியாமல் தீர்வு பேசினால் நாம் சுற்றிச் சுற்றி வருவோம்.

பூங்காக்களைப் பாதைகளால் இணைக்கும் திட்டத்திற்குப் பூந்தோட்ட நகர நடவடிக்கைக் குழு 1991இல் ஒப்புதல் அளித்தபோது, இந்த நாட்டில் அதற்கென்று தனியாக நிலம் எடுப்பது நடவாத காரியம். ஆகவே, ஏற்கெனவே அரசிடம் இருந்து, ஆனால் முழுமையாகப் பயன்படாமல் கிடந்த நிலத்தைத் தேடினார்கள். பெரிய கால்வாய்களின் இரு கரைகளிலும், தூர்வாரும் இயந்திரங்கள் வந்து போவதற்காக ஒதுக்கப்பட்ட பட்டைநிலம் அப்படிப்பட்டது. சாலையோர ஒதுக்கு நிலமும் பெருவிரைவு ரயில் மேம்பாதையின் கீழுள்ள நிலமும் அடுத்து வந்தன. நிலம் கையகப்படுத்தாமல், யாரையும் இடம்பெயர்க்காமல் இத்தனை நூறு கிலோமீட்டர் பாதை உருவானதற்கு இதுவே காரணம்.

ஆனால் கால்வாய் மனிதர்கள் போகும் இடத்திற்குப் போவதில்லை. தாழ்வான நிலத்தைத் தேடிக் கடலுக்குப் போகிறது. நம் நகர மையங்களும் ரயில் நிலையங்களும் பள்ளிகளும் சாலைகளை ஒட்டியே அமைந்துள்ளன. அதனால் கால்வாயோரப் பாதை ஒவ்வொரு பெரிய சாலையிலும் முட்டிக்கொள்கிறது. கால்வாய் சாலையின் அடியில் போய்விடுகிறது. நடப்பவரால் அப்படிப் போக முடிவதில்லை. பாலத்தின் அடியில் போதிய தலையுயரம் இருந்தால் பாதையையும் அடியில் கொண்டுபோகலாம். ஆனால் நம் ஊர் மழையில் கால்வாய் நீர்மட்டம் மிக விரைவாக உயரும். பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் 2012இல் கான்கிரீட் கால்வாயை இயற்கையான ஆறாக மாற்றியபோது, நீர் உயர்வதை எச்சரிக்கும் ஒலிபெருக்கிகளும் விளக்குகளும் சேர்த்தே பொருத்தப்பட்டன. எல்லாப் பாலத்தின் அடியிலும் இதைச் செய்ய இயலாது. சாலைமட்டத்திலேயே கடக்கலாம் என்றால், போக்குவரத்து விளக்குச் சந்திப்பு பாலத்திலிருந்து நூறு, இருநூறு மீட்டர் தள்ளி இருக்கும். பாதையில் வந்தவர் அங்கே போய், காத்திருந்து, கடந்து, மறுகரை வழியாகத் திரும்பி வர வேண்டும். பலர் அவ்வாறு செய்யாமல் நடுவே குறுக்காக ஓடுகிறார்கள்.

இருப்பினும் கிழக்குக்கரை அவர்களின் முடிவோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. எளிதாகக் கிடைத்த நிலத்தில் முதலில் பாதை போட்டுவிட்டதால்தான், அறுந்த இடம் எது என்று இன்று நமக்குத் தெரிகிறது. ஒரு பாலத்திற்குப் பணம் கேட்டு நிற்கும்போது, இரு பக்கமும் மக்கள் ஏற்கெனவே பயன்படுத்தும் பாதை இருப்பதுதான் வலுவான வாதம்.

#3 நடைக்காரர்

தோ பாயோவில் வசிக்கிறேன். என்னிடம் சைக்கிளும் இல்லை, காரும் இல்லை. இந்த விவாதம் தொடங்கி இரண்டு பதிவுகள் ஆகியும் நடப்பவர்களைப் பற்றிப் பெரிதாகப் பேச்சு இல்லை. நடப்பதற்கும் சைக்கிளோட்டுவதற்கும் உரிய கட்டமைப்பை விரிவாக்குகிறோம் என்று சொல்லிவிட்டுச் சைக்கிளின் வசதியை மட்டுமே அளப்பது எங்கும் உள்ள வழக்கமாகிவிட்டது.

தெம்பனிசில் 2010இல் தொடங்கிய நடைபாதைச் சைக்கிளோட்டம், 2018 மே மாதம் நடப்புக்கு வந்த சட்டத்தின் மூலம் தீவு முழுவதற்கும் விரிந்தது. நடைபாதையில் வேக வரம்பு முதலில் மணிக்கு 15 கிலோமீட்டர். பிறகு 2019 பிப்ரவரியில் 10 ஆகக் குறைக்கப்பட்டது. அந்த ஆண்டு செப்டம்பரில் பிடோக்கில், நின்றபடி ஓட்டும் மின்ஸ்கூட்டர் மோதி முதிய பெண்மணி ஒருவர் உயிரிழந்தார். நவம்பர் 5ஆம் தேதி முதல் மின்ஸ்கூட்டர்கள் நடைபாதையில் தடை செய்யப்பட்டன. 2025 ஜூலை முதல், சைக்கிள் பாதைக்குப் பக்கத்திலேயே உள்ள நடைபாதைகளை நடப்பவர்களுக்கு மட்டும் என்று அறிவித்து, சைக்கிளோட்டிகள் அதில் ஏறக் கூடாது என்று விதித்துள்ளனர். இந்த வரிசையைப் பாருங்கள்: முதலில் எல்லோரையும் ஒரே பாதையில் விட்டோம், பின்னர் வேகத்தைக் குறைத்தோம், பின்னர் ஒரு வாகனத்தை வெளியேற்றினோம், இறுதியில் பாதையைப் பிரிக்கிறோம். தொடக்கத்திலேயே பிரித்திருக்கலாம்.

எனவே என் அளவுகோல் வேறு. பூங்கா இணைப்புப் பாதையில் வேக வரம்பு மணிக்கு 25 கிலோமீட்டர். காது கொஞ்சம் மந்தமான ஒருவர், பின்னாலிருந்து அந்த வேகத்தில் வரும் வண்டியின் மணியைக் கேட்டு ஒதுங்குவார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. புதிதாகச் சேர்க்கும் ஒவ்வொரு கிலோமீட்டரிலும் நடப்பவருக்குத் தனித்தளம் உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் அதை விரிவாக்கம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

#4 இரவுவிநியோகம்

நடைக்காரர் ஐயா சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் அந்த நவம்பர் 5ஆம் தேதி எங்களைப் போன்றவர்களுக்கு என்ன செய்தது என்பதையும் பதிவு செய்ய வேண்டும். முந்தைய நாள் வரை சுமார் 5,500 கிலோமீட்டர் நடைபாதையில் ஓடிய மின்ஸ்கூட்டர், அன்று முதல் சுமார் 440 கிலோமீட்டர் சைக்கிள் பாதையிலும் பூங்கா இணைப்புப் பாதையிலும் மட்டுமே ஓடலாம் என்றானது. சாலையில் அது ஏற்கெனவே தடை செய்யப்பட்ட வாகனம். உணவு விநியோகம் செய்பவர்கள் வேறு வண்டிக்கு மாற 70 லட்சம் வெள்ளி உதவித்திட்டம் அறிவிக்கப்பட்டது. அப்போது நான் மின்சைக்கிளுக்கு மாறினேன்.

இங்கேதான் பாதையின் அறுந்த இடம் எனக்கும் மற்றவர்களுக்கும் ஒரே பொருள் தருவதில்லை. சாதாரண சைக்கிளோட்டிக்குச் சைக்கிள் பாதை முடிந்தால் நடைபாதையில் மெதுவாகத் தொடரச் சட்டம் இடம் தருகிறது. மின்சைக்கிளுக்கு அந்த இடம் இல்லை. நான் சாலையில் இறங்க வேண்டும், அல்லது இறங்கித் தள்ள வேண்டும். இரவு பதினோரு மணிக்கு, கனரக லாரிகள் போகும் சாலையில், 'பாதை முடிவு' என்ற பலகைக்குப் பிறகு நான் எங்கே போக வேண்டும் என்று எந்தப் பலகையும் சொல்வதில்லை. வரைபடத்தில் அந்த இடைவெளி நகக்கண் அளவுகூட இல்லை. எனக்கோ அங்கே சட்டப்படியான வழி சாலை ஒன்றுதான்.

நடைபாதையில் யாரும் ஆசைக்காக ஓட்டுவதில்லை, ஐயா. அடுத்த பாதை ஐம்பது மீட்டரில் தொடங்குகிறது என்று தெரிந்தால், அந்த ஐம்பது மீட்டரைச் சட்டத்தை மீறிக் கடக்கவே பலர் துணிகிறார்கள். அந்த இடத்தில் அமலாக்க அதிகாரி நிற்பதற்குப் பதிலாகப் பாதை இருந்திருந்தால் இருவருக்கும் வேலை மிச்சம்.

#5 பச்சைத்தடம்

எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் சேர்க்க வேண்டும் என்ற ஆர்வத்திற்கு ஓர் எல்லை வேண்டும் என்று சொல்லவே வந்தேன். பழைய மலாயா ரயில் தடத்தை நினைவில் கொண்டு பேசுகிறேன்.

2011 ஜூன் 30 அன்று தஞ்சோங் பகாரிலிருந்து கடைசி ரயில் புறப்பட்டது; மறுநாள், மலேசிய ரயில்வேயிடம் இருந்த அந்த நிலம் சிங்கப்பூருக்குத் திரும்பியது. தீவின் தெற்கையும் வடக்கையும் இணைக்கும் 24 கிலோமீட்டர் பசுமைத் தடம் இன்றும் துண்டாகாமல் இருப்பது தானாக நடந்ததன்று. ரயில் நிற்பதற்கு முன்பே, 2010இல், சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் இந்த நிலத்தைத் தொடர்ச்சியான பசுமைத் தடமாகக் காக்க வேண்டும் என்று முன்மொழிவு அளித்தது. பொதுமக்களும் அதைப் பின்தொடர்ந்து பேசினார்கள். துண்டு துண்டாக வீட்டு மனைகளாகியிருக்க வேண்டிய நிலம் அது. நம்மவர்களுக்கு இன்னொரு தொடர்பும் உண்டு: குவீன்ஸ்டவுனில் இன்று நிற்கும் ஸ்ரீ முனீஸ்வரன் கோவில், 1930களில் அந்தத் தண்டவாளத்தில் வேலை செய்த தமிழ்த் தொழிலாளர்கள் குவீன்ஸ்வே அருகே எழுப்பிய சிறு வழிபாட்டு இடத்திலிருந்து வளர்ந்தது.

இந்தத் தடத்தின் பெரும்பகுதியில் தார் கிடையாது. புல்லும் சரளையும் கலந்த தளம். பெரும்பகுதியில் இரவு விளக்கும் கிடையாது. புக்கிட் தீமா இயற்கை வனப்பகுதியை ஒட்டிச் செல்லும் இடங்களில் விலங்குகளும் இதே தடத்தைத்தான் பயன்படுத்துகின்றன. இதை அன்றாடப் பயணப் பாதையாக்கி, விளக்கு போட்டு, தளத்தை இறுக்கி, ஒவ்வொரு குடியிருப்பிலிருந்தும் ஒரு நுழைவாயில் திறந்தால் அறுந்த இடங்கள் குறையும் என்பது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு நுழைவாயிலும் மரவரிசையில் ஒரு வெட்டு. மனிதருக்கு இணைப்பு என்பது மரத்திற்கும் விலங்கிற்கும் அறுப்பாக முடியலாம். இரவுவிநியோகம் அவர்களின் சிக்கலுக்குத் தீர்வு பக்கத்திலுள்ள சாலையில் தேடப்பட வேண்டும், காட்டோரத்தில் அல்ல.

#6 கிழக்குக்கரை

பச்சைத்தடம் அவர்களின் எச்சரிக்கையை ஏற்கிறேன். அது என் வாதத்திற்கு எதிரானதாகவும் தோன்றவில்லை. உலாவுக்கான தடத்தையும் அன்றாடப் பயணத்திற்கான பாதையையும் ஒரே கணக்கில் கூட்டுவதுதான் குழப்பத்திற்குக் காரணம். ஜூரோங் ஏரிப் பூங்காவிலிருந்து கோனி தீவு வரை 36 கிலோமீட்டர் செல்லும் கரையிலிருந்து கரைக்கான தடம், தீவைச் சுற்றிவரத் திட்டமிட்டுக் கட்டம் கட்டமாக அமைக்கப்படும் 150 கிலோமீட்டர் பாதை ஆகியவை விடுமுறை நாளின் இன்பங்கள். அவற்றில் ஓரிடத்தில் இறங்கி வண்டியைத் தள்ள நேர்ந்தால் யாருக்கும் வேலை போய்விடாது. வீட்டிலிருந்து ரயில் நிலையத்திற்குப் போகும் ஒன்றரைக் கிலோமீட்டரில் இருமுறை இறங்க நேர்ந்தால், அடுத்த வாரம் அந்த மனிதர் பேருந்துக்கே திரும்பிவிடுவார்.

ஒரு விதிவிலக்கையும் குறிப்பிட வேண்டும். ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவையும் சாங்கி விமான நிலையத்தையும் இணைத்து 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட 3.5 கிலோமீட்டர் பாதை, டைனசோர் பொம்மைகளுக்காகவே பேசப்பட்டது. குழந்தைகளை அழைத்துப் போகிறவர்கள் அதிகம் என்பதும் உண்மைதான். ஆனால் கிழக்கில் வசித்து விமான நிலையத்தில் வேலை செய்பவர்களுக்கு அது வேலைக்குப் போகும் வழியும்கூட. நீளம் சிறிது, ஏற்கெனவே இருந்த நெடிய கடற்கரைப் பாதைக்கு ஆயிரக்கணக்கானோர் வேலை செய்யும் ஓர் இடத்தை முனையாகக் கொடுத்துவிட்டது. நான் கேட்பது இத்தகைய துண்டுகளைத்தான்.

ஆண்டுதோறும் எத்தனை கிலோமீட்டர் சேர்ந்தது என்று வெளியிடுவதோடு, ஒவ்வொரு வட்டாரத்திலும் வீட்டிலிருந்து ரயில் நிலையம் வரை ஒரு பயணி எத்தனை முறை இறங்க வேண்டியுள்ளது, எத்தனை இடத்தில் பாதை பேருந்து நிறுத்தத்தில் முட்டி நிற்கிறது என்றும் நிலப் போக்குவரத்து ஆணையம் வெளியிட்டால், எந்தத் துண்டுக்கு முதலில் பணம் தர வேண்டும் என்ற கேள்விக்குப் பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும். பேருந்து நிறுத்தத்தின் பின்புறமாகப் பாதையை வளைத்துக் கொண்டுபோகும் முறை பல இடங்களில் வந்துவிட்டது. நிலம் இருக்கும் இடங்களில் அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லை.

#7 வடிகாலோரம்

'நிலம் இருக்கும் இடங்களில்' என்று மூன்று சொல்லில் கடந்துவிட்டீர்கள். சிக்கலின் உயிர்நாடியே அதுதான்.

நிறுத்தத்தின் பின்புறம் பெரும்பாலும் வடிகால் இருக்கும், அதற்கப்பால் ஒரு மரவரிசை, அதற்கப்பால் வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) குடியிருப்பின் எல்லை அல்லது தனியார் மதில். மரத்தை வெட்டினால் நிழல் போய்விடும். நிழல் இல்லாத சைக்கிள் பாதையில் நம் ஊர் மதிய வெயிலில் யார் போவார்? வடிகாலை மூடித் தளமாக்கலாம். செலவாகும், பராமரிப்புக்குத் திறக்கவும் வேண்டும். இத்தனையும் பார்த்த பிறகு மிஞ்சும் ஒரே நிலம் சாலைதான். நாட்டின் நிலப்பரப்பில் சுமார் 12 விழுக்காடு சாலைகள். வீடுகளுக்கு 14 விழுக்காடு. 2018 பிப்ரவரி முதல் கார்களின் வளர்ச்சி விகிதம் சுழியாக்கப்பட்டுள்ள நாட்டில், ஒரு தடத்தைக் கார்களிடமிருந்து எடுப்பது பற்றிப் பேசுவதற்கே ஏன் இவ்வளவு தயக்கம் என்று எனக்குப் புரியவில்லை.

முன்னுதாரணம் இல்லாமலும் இல்லை. பென்கூலன் ஸ்திரீட்டில் ரயில் நிலையக் கட்டுமானத்திற்காகச் சாலையைத் தோண்டிய பிறகு, 2017இல் அதைத் திரும்பத் திறக்கும்போது, முன்பிருந்த நான்கு தடங்களில் இரண்டை நடைபாதைக்கும் சைக்கிள் பாதைக்கும் விட்டுக்கொடுத்தார்கள். எப்படியும் தோண்டப்பட்ட சாலை என்பதால் இழப்பாக யாருக்கும் தோன்றவில்லை. வடக்கு - தெற்கு வழித்தடத்தையும் பாருங்கள்: முதலில் வெறும் விரைவுச்சாலையாகத் திட்டமிடப்பட்ட 21.5 கிலோமீட்டர், 2016இல் பேருந்துத் தடமும் சைக்கிள் பெருவழியும் சேர்ந்த வழித்தடமாக மாற்றி வரையப்பட்டது. உட்லண்ட்ஸ், ஈசூன், அங் மோ கியோ, பீஷான், தோ பாயோ ஆகிய நகர்களைத் தொட்டு மையத்திற்கு வரும் ஒரு சைக்கிள் பெருவழி, கால்வாயின் போக்கை நம்பாமல் மக்களின் போக்கிலேயே அமைகிறது என்பதே அதன் சிறப்பு. கட்டி முடிக்கக் காலம் நீண்டுகொண்டே போகிறது என்பது வேறு விஷயம்.

ஆகவே என் பரிந்துரை: எந்தச் சாலை எந்தக் காரணத்திற்காகத் தோண்டப்பட்டாலும், அதை மூடும்போது பழைய வடிவில் மூடக் கூடாது என்பதை விதியாக்க வேண்டும். ரயில், குழாய், மின்கம்பி என்று ஏதோ ஒன்றுக்காக இந்த ஊரில் சாலை தோண்டப்படாத ஆண்டு உண்டா?

#8 புதுமனை

தெங்காவில் புதிதாகக் குடியேறியவள். நகர மையத்தில் கார்களைத் தரைக்குக் கீழே அனுப்பி, மேலே நடப்பதற்கும் சைக்கிளுக்கும் விடுவது என்ற திட்டத்தோடு வரையப்பட்ட நகர் இது. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். புதிய நகருக்குள் பாதைகள் நன்றாகவே இருக்கும்; பழைய நகரோடு சேரும் எல்லையில்தான் அறுகின்றன. அந்த எல்லைச் சாலை எந்த நகரின் கணக்கில் வருகிறது என்று இரு பக்கமும் உள்ள குடியிருப்பாளர்களுக்குத் தெரிவதில்லை. நகர் வாரியாகப் பாதை போடும் திட்டத்தில் எல்லைகளுக்கென்று தனி ஒதுக்கீடு இருந்தால் நன்று. பள்ளி அந்தப் பக்கம் இருக்கும்போது என் மகளைச் சைக்கிளில் தனியாக அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

#9 நடைக்காரர்

இரவுவிநியோகம் தம்பிக்கு: நீங்கள் ஓட்டும் ஐம்பது மீட்டரைப் பற்றி எனக்குக் கோபம் இல்லை. உங்களை அங்கே கொண்டுவந்து விட்ட வரைபடத்தின் மீதுதான் வருத்தம். பாதை முடியும் இடத்தில் 'முடிவு' என்று எழுதுவதற்குப் பதிலாக அடுத்த பாதை எங்கே, அதுவரை எப்படிப் போவது என்று எழுதச் சொல்லி நாம் இருவருமே கேட்கலாம்.

வடிகாலோரம் அவர்களின் யோசனையில் சாலைத் தடத்தை எடுப்பதை முழு மனத்தோடு ஆதரிக்கிறேன். ஆனால் சுரங்கப்பாதையும் பாலமும்தான் இணைப்பு என்ற எண்ணம் இந்த உரையாடலில் ஊறிக் கிடக்கிறது. அதில் எனக்கு ஒப்புதல் இல்லை. சைக்கிள் இறங்காமல் போக வேண்டுமென்றால் சரிவு மென்மையாக இருக்க வேண்டும். சரிவு மென்மையாக இருந்தால் அது நீளும். சக்கரத்தில் போகிறவருக்கு அந்த நீளம் சில நொடி. முழங்கால் வலியோடு சந்தைப் பையைத் தூக்கிக்கொண்டு நடப்பவருக்கு அது இன்னொரு தெரு. சுரங்கப்பாதை திறந்த பிறகு மேலே இருந்த சாலைக் கடப்பையும் எடுத்துவிட்டால், சைக்கிளின் அறுந்த பாதையைச் சேர்த்து நடப்பவரின் பாதையை அறுத்ததாகிவிடும்.

சாலைமட்டத்திலேயே செய்யக்கூடியவை நிறைய உள்ளன. மூத்தோர் தங்கள் சலுகை அட்டையைத் தட்டினால் பச்சை விளக்கு 3 முதல் 13 நொடி வரை நீளும் ஏற்பாடு 2009இலிருந்து இருக்கிறது. பாதைகள் சாலையைச் சந்திக்கும் இடங்களில் எல்லாம் அது வரட்டும். கால்வாய்ப் பாலத்தின் பக்கத்திலேயே ஒரு விளக்குச் சந்திப்பு புதிதாக அமைத்தால், அவர் சொன்ன இருநூறு மீட்டர்ச் சுற்றும் குறையும். கார்கள் இன்னொரு முறை நின்று போக வேண்டியிருக்கும்; நிற்கட்டும். ஒரு சுரங்கப்பாதைக்கு ஆகும் செலவில் இப்படி எத்தனை சந்திப்புகளை அமைக்கலாம் என்பதைக் கிழக்குக்கரை அவர்கள் தம்முடைய கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கணக்கிற்குப் பிறகும் காலாங்கில் விரைவுச்சாலையைக் கடக்கச் சுரங்கம்தான் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. விரைவுச்சாலையில் விளக்கு வைக்க முடியாது. மற்ற சாலைகளுக்கு அந்தக் காரணம் பொருந்தாது.